முதல் நாளின் கடமை

மாதக் கடைசி. ஒற்றை அறை வாடகை வீட்டின் குளியலறை ஓரத்தில், ஈரத் தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறது ஒரு மூன்று மாதக் குட்டி நாய். நேற்று மாலைவரை செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிய குட்டி அது. இரவில் இரண்டு முறை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. விடியற்காலையில் கழிச்சல், அதில் ரத்தம். வீடு முழுக்க ஒரு துர்நாற்றம். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு நின்றது, குடிக்க முடியவில்லை. குட்டியை வளர்ப்பவர் பணப்பையைத் திறந்து பார்க்கிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எடுத்துவைத்த பணத்தைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. "ரெண்டு நாள் பார்ப்போம், தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டின் ஏதாவதொரு தெருவில் எந்தக் காலையிலும் காணலாம். அவர் பார்ப்போம் என்று சொன்ன அந்த இரண்டு நாள்களைப் பற்றியே நாம் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி போடாத குட்டிக்கு ரத்தக் கழிச்சல் என்றதும் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது பார்வோ வைரஸை. 1978-இல் அடையாளம் காணப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய நோய் அது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம்வரையுள்ள குட்டிகளையே அது அதிகம் வாட்டுகிறது. குடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைக்கிறது. சிதைந்த குடல் வழியே பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது. ஒருபுறம் நீரிழப்பு, மறுபுறம் ரத்தத்தில் நஞ்சு. கவனிக்காமல் விட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்பது இறக்கும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பத்தில் எட்டோ ஒன்பதோ பிழைக்கும். அந்தச் சிகிச்சையின் அடிப்படையும் எளியதே: இழந்த நீரை டிரிப்ஸ் வழியாக ஈடுகட்டுவது, வாந்தியை நிறுத்துவது, கிருமித் தொற்றைத் தடுப்பது. சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் நேரம்தான்.

நேரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் பணம் இல்லை என்பதே இங்குள்ள துயரம். முதல் நாளில் ஓர் ஊசியும் இரண்டு பாட்டில் டிரிப்ஸும் போதுமாக இருந்திருக்கக்கூடிய நோய், மூன்றாம் நாளில் உள்நோயாளிச் சிகிச்சையையும் ரத்தப் பரிசோதனைகளையும் கேட்கிறது. செலவு ஆயிரங்களைத் தாண்டுகிறது. ஆக, பணமில்லை என்பதற்காகத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் செலவைக் கூட்டி, குட்டியின் ஆயுளைக் குறைக்கிறது. ஏழைக்குத் தாமதம் மிச்சமாகத் தெரிகிறது. அதுவே அவருக்கு மிக அதிக விலை வைக்கிறது.

இந்த இடத்தில் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தை நாம் முதலில் நிராகரிக்கிறோம். "வசதி இல்லாதவனுக்கு எதற்கு நாய்" என்பதே அந்த வாதம். செங்கற்சூளையில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கும், கிடை போட்டு ஆடு காக்கும் கீதாரிக்கும், கட்டடம் எழும்பும் மனையில் இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளிக்கும் நாய் என்பது பொழுதுபோக்கு இல்லை. கதவில்லாத வீட்டுக்கு அதுதான் கதவு. தனித்து வாழும் முதியவருக்கு நாள் முழுவதும் கிடைக்கும் ஒரே பேச்சுத் துணையாகவும் அது இருக்கிறது. ஓர் உயிரிடம் அன்பு காட்டும் தகுதியை வங்கிக் கணக்கை வைத்து அளக்கும் சமூகம் தன்னைப் பண்பட்டதென்று சொல்லிக்கொள்ள முடியாது. கையில் பணம் இல்லாமல் போவது குற்றமில்லை. அதற்காக யாரும் மருத்துவரின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

ஆனால், வறுமைக்குத் தரும் இந்த மரியாதையை அலட்சியத்துக்குத் தர முடியாது. பணமே தேவைப்படாத கடமைகள் பல இருக்கின்றன. அவற்றைச் செய்யத் தவறியவர் பணமின்மையின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு காய்ந்தோ வெளிறியோ இருந்தால் ஆபத்து. கழுத்துக்குப் பின்னுள்ள தோலைக் கிள்ளித் தூக்கிவிடுங்கள். தோல் உடனே படியாமல் கூடாரம்போல் நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். இதைப் பார்க்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ரத்தம் கலந்த கழிச்சல், நிற்காத வாந்தி, தடுப்பூசி போடாத குட்டிக்கு உடல்நலக் குறைவு, எலி மருந்து தின்றிருக்கலாம் என்ற ஐயம், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு பானைபோல் உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. பெரிய நாய்களில் இரைப்பை முறுக்கிக்கொள்வதன் அறிகுறி அது. அறுவைச் சிகிச்சை இல்லாமல் அதிலிருந்து மீள வழியில்லை.

எல்லா வாந்தியும் மரண ஓலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டு எச்சிலைத் தின்றுவிட்டு வந்த வளர்ந்த நாய் ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்து, மறுபடி வாலை ஆட்டிக்கொண்டு சுறுசுறுப்பாக இருந்தால், 12 மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பிறகு உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காமல், குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழியைப் பிசைந்து சிறு சிறு வேளையாக இரண்டு மூன்று நாள் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். குட்டியை மட்டும் அப்படிப் பட்டினி போடக் கூடாது. மனிதருக்கான மாத்திரைகளை எந்த வயது நாய்க்கும் நாமாகவே கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. மருந்துக் கடைக்காரரிடம் "நாய்க்குப் பேதி, ஏதாவது குடுங்க" என்று கேட்பதும், அவர் கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவதும் நம் ஊர்களில் இயல்பாகிவிட்டன. கேட்டவர் அறியாமையில் கேட்டிருக்கலாம். கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மருந்தறிவு பெற்று உரிமம் வாங்கியவர், தனக்குத் தெரியாத உயிருக்குத் தெரியாத மருந்தைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

பொறுப்பின்மைக்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. அதற்கு நாம் எந்த விளக்கத்தையும் ஏற்கப்போவதில்லை. நோயுற்ற நாயைக் கோணிப்பையில் போட்டோ ஸ்கூட்டரில் வைத்தோ கொண்டுபோய் ஏரிக்கரையிலும் புறவழிச்சாலையிலும் குப்பை மேட்டிலும் விட்டுவிட்டு வருகிறார்களே, அதுதான். தன் பெயரைச் சொன்னால் காதை நிமிர்த்தும் ஓர் உயிர், தன்னைக் கொண்டுவந்தவரின் வண்டி மறையும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு கிடக்கும். சிகிச்சைக்குப் பணமில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், வீட்டின் ஒரு மூலையில் ஒரு சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பணம் தேவையில்லை. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் விடைகொடுக்கும் வழியை அவரிடமே கேட்கலாம். தெருவில் எறிந்துவிட்டு வருவதை வறுமையின் கணக்கில் எழுத முடியாது.

அதன் விளைவு அந்த ஒரு நாயோடு முடிவதும் இல்லை. பார்வோ வைரஸ் கழிச்சலின் வழியாக மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் ஊற்றும் பினாயிலுக்கு அது அழியாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை 30 பங்கு நீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் அழியும். ஒருவர் எறிந்துவிட்டுப் போன குட்டி அந்தத் தெருவின் எல்லாக் குட்டிகளுக்கும் நோயைக் கொடுக்கிறது. தெருவில் நடப்பவரின் செருப்பில் ஒட்டி அடுத்த வீட்டுக்குள்ளும் அது வருகிறது. பிழைத்துக்கொள்ளும் நாய், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் இல்லாத இன்னொரு தெருநாயாகிறது. 2025-இல் தெருநாய்ப் பிரச்சினை உச்ச நீதிமன்றம்வரை சென்று நாட்டையே இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைத்தது. அந்த விவாதத்தில் நாய்களைக் குறைசொல்ல ஆயிரம் குரல்கள் எழுந்தன. அந்த நாய்களில் ஒரு பகுதியைத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்ட மனிதர்களைப் பற்றிப் பேசிய குரல்கள் மிகச் சில.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள விலங்கின் நலனைக் காக்க நியாயமான நடவடிக்கை அனைத்தையும் எடுப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது. பசியாலும் தாகத்தாலும் விலங்கு வாட நேரும்படி தக்க காரணமின்றிக் கைவிடுவதை அதே சட்டம் குற்றமாக்குகிறது. முதல் முறை அந்தக் குற்றத்தைச் செய்பவருக்கு விதிக்கும் அபராதம் குறைந்தது 10 ரூபாய், கூடினால் 50 ரூபாய். நாயைக் கொண்டுபோய் விட்டுவருவதற்கான ஆட்டோக் கட்டணத்துக்கே அது போதாது. இந்தத் தொகையை உயர்த்த 2022-இல் ஒன்றிய அரசு திருத்த வரைவொன்றை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. வரைவு நாடாளுமன்றத்தில் சட்டமாகும் நாளுக்கு இன்னும் காத்திருக்கிறோம். உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசமைப்பில் எழுதிவைத்த நாடு, அந்தக் கடமையை மீறுவதற்கு 50 ரூபாய் விலை வைத்திருப்பது வெட்கத்துக்குரியது.

குட்டியை விற்றவரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால், கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் அட்டைப் பெட்டிகளில் சந்தைக்கு வருவதை யாரும் பார்க்கலாம். தாய்ப்பாலும் முழுமையாகக் கிடைக்காமல், தடுப்பூசியும் இல்லாமல், நீண்ட பயணத்தில் வதைபட்டு வரும் குட்டி, வாங்கியவர் வீட்டில் ஒரு வாரத்துக்குள் ரத்தமாகக் கழிகிறது. பிள்ளையின் பிடிவாதத்துக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிய குடும்பம், மறுபடி கைமாற்று வாங்க அலைகிறது. நோயை மறைத்து உயிரை விற்பது வணிகம் ஆகாது. உரிமம் இல்லாத விற்பனையாளர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிகள் சந்தை முடிந்த பிறகு வருவதும் நிர்வாகம் ஆகாது.

மருத்துவர்களிடம் நாம் மதிப்போடு ஒன்றைக் கேட்கிறோம். தனியார் கிளினிக் நடத்துபவருக்கு வாடகையும் ஊழியர் சம்பளமும் மருந்துக் கடனும் இருக்கின்றன. எல்லாரையும் இலவசமாகப் பாருங்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால், "அட்மிட் செய்தால் பார்க்கலாம், இல்லையென்றால் கொண்டுபோங்கள்" என்ற இரண்டே வழிகளை முன்வைப்பது மருத்துவ அறத்துக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதை அறிவியல் காட்டிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பார்வோ கண்ட 40 நாய்களை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தனர். உள்நோயாளியாக வைத்துப் பார்த்தவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. தொடக்கத்தில் நரம்பு வழியே நீரேற்றி நிலைப்படுத்திய பின், தோலுக்கடியில் நீரேற்றம், நீண்ட நேரம் வேலைசெய்யும் ஒரே ஓர் ஆன்டிபயாடிக் ஊசி, வாந்தி நிறுத்தும் ஊசி என்று எளிய முறையில் கவனித்தவற்றில் 80 விழுக்காடு பிழைத்தன. பணம் கொட்டிச் செய்யும் சிகிச்சைக்கும் கையிலிருப்பதற்குள் செய்யும் சிகிச்சைக்கும் இடையே இருந்தது பத்து விழுக்காடு. கையிலிருப்பதற்குள் செய்யும் சிகிச்சைக்கும் ஒன்றுமே செய்யாமல் விடுவதற்கும் இடையே இருப்பது கிட்டத்தட்ட ஓர் உயிர்.

ஆகவே, நாயைக் கொண்டுவருபவர் "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். "இதற்குள் முதலில் எதைச் செய்ய வேண்டும், எந்தப் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்" என்று மருத்துவர் விளக்க வேண்டும். நாளும் என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, மடியில் நாயை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கத் தயாரான மனிதர்கள் இந்த நாட்டில் ஏராளம். அவர்களின் உழைப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொள்ளும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

இத்தனைக்கும் மேலாக நாம் பொறுப்பாளி என்று சுட்டுவது அரசை. தமிழ்நாட்டுக்குக் கால்நடை மருத்துவத்தில் நீண்ட மரபு உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் 1989-இல் இங்கேதான் உருவானது. வேப்பேரியிலுள்ள கல்லூரி மருத்துவமனையில் காலையில் போய் நின்றால், சொகுசுக் காரில் வந்த உயர்சாதி நாயும் துண்டில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்த நாட்டுக் குட்டியும் ஒரே வரிசையில் காத்திருப்பதைக் காணலாம். பெருமைக்குரிய காட்சிதான். ஆனால், கல்லூரி மருத்துவமனைகள் உள்ள வேப்பேரியும் நாமக்கல்லும் ஒரத்தநாடும் திருநெல்வேலியும் எத்தனை பேருக்குப் பக்கம்? ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்கள் நாளில் சில மணி நேரமே திறந்திருக்கின்றன. அவற்றின் அலமாரிகள் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நினைத்து நிரப்பப்பட்டவை. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ வண்டிகளும் அடிப்படையில் பண்ணை விலங்குகளுக்கானவை. உழவரின் வாழ்வு மாட்டில் இருக்கிறது. அதற்கே முதலிடம் தருவதை நாம் குறைகூறவில்லை. பால் கறக்காத உயிருக்கு அலமாரியில் ஒரு தட்டுகூட ஒதுக்காததைத்தான் குறைகூறுகிறோம்.

வெறிநோய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது, அது பாராட்டுக்குரியது. பார்வோவைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியோ பெரும்பாலான இடங்களில் வெளியே வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை அதைப் போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் பலனைத் தடுக்கக்கூடும் என்பதால் ஒன்றோடு நிறுத்தினால் போதாது. ஒரு தவணைக்குச் சில நூறு ரூபாய் ஆகும் அந்த ஊசிதான், பிறகு வரும் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கிறது. அதைக் குறைந்த விலையில் எல்லா மருந்தகங்களிலும் கிடைக்கச் செய்வதும், டிரிப்ஸ், வாந்தி நிறுத்தும் ஊசி, பார்வோ பரிசோதனைக் கிட் ஆகியவற்றை எப்போதும் இருப்பில் வைப்பதும், மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையாவது இரவிலும் திறந்திருப்பதும் அரசால் ஆகாத காரியங்கள் இல்லை. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு உரிமம் தருகிறது. உரிமம் கேட்கும் உள்ளாட்சிக்கு, உரிமம் பெற்ற உயிரின் அவசரத்துக்குத் துணைநிற்கும் கடமையும் உண்டு.

மனிதருக்கே மருத்துவமனையில் படுக்கை இல்லாதபோது நாய்க்கு டிரிப்ஸ் கேட்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால், நாம் கேட்கும் இச்சிறு தொகை எந்த மனிதரின் படுக்கையையும் பறிக்காது. நாயை ஏரிக்கரையில் விட்டுவர அப்பாவோடு ஸ்கூட்டரில் போன பத்து வயதுச் சிறுவன், செலவு வைக்கும் உயிரை விட்டுவிடலாம் என்ற பாடத்தை அன்று கற்றுக்கொண்டு வருகிறான். நாளை அப்பாவுக்கு வயதாகிப் படுக்கையில் விழும்போது அந்தப் பாடம் அவனுக்கு நினைவிருக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்டது. கால்நடை மந்தையை மீட்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவன் நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் உருவத்தோடு அதன் பெயரையும் வெட்டிவைத்தார்கள். ஊரைக் காத்த உயிரை ஊர் மறக்கக் கூடாது என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் எடுத்த முடிவு அது. கல் வெட்ட அன்று செலவானது. யாரோ அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நமது தீர்ப்பு இது. கையில் பணமில்லாதவர் குற்றவாளி அல்லர். பணமில்லை என்று தெரிந்த அன்றே அதை மருத்துவரிடம் சொல்லாமல் நாளைக் கடத்துபவர் தவறு செய்கிறார். நோயுற்ற உயிரைத் தெருவில் விடுபவர் குற்றம் செய்கிறார். நோயுள்ள குட்டியை விற்பவரும், ஏழையின் முன் நடுவழியை மறைக்கும் மருத்துவரும் அந்தக் குற்றத்தின் பங்காளிகள். அவர்கள் எல்லாருக்கும் முன்னதாக, தடுத்திருக்கக்கூடிய நோய்க்குத் தடுப்பூசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்திருக்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். பணம் திரட்ட அரசுக்கு ஓர் ஆண்டு ஆகலாம். சட்டத்தைத் திருத்த இன்னும் கூடுதல் காலமாகலாம். குளியலறை ஓரத்தில் படுத்திருக்கும் அந்தக் குட்டிக்கு இருப்பது ஒரே நாள். இன்று வேலைக்குக் கிளம்பும் முன் அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டியவர், அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்தவர்.